வெள்ளை ஈ வந்துடுச்சா? இலைக்கு மேல இல்ல, அடியில அடிங்க

செடியை லேசா ஆட்டினா வெள்ளையா ஒரு கூட்டம் குபுக்குன்னு கிளம்பி ரெண்டு நொடியில திரும்ப அதே செடியில உக்காருதா, அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். புதுசா தோட்டம் போடுறவங்க நிறைய பேர் இந்த ஒரு பூச்சியால வெறுத்துப்போய் தொட்டியைக் காலி பண்ணிடுறாங்க. நானும் இதோட ரொம்ப நாள் மல்லுக்கட்டியிருக்கேன், அதனால சொல்றேன், சரியான வரிசையில செஞ்சா ஒரு மாசத்துல அடக்கிடலாம். பறக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியுது, ஆனா அதைவிடப் பல மடங்கு இலைக்கு அடியில பறக்காம ஒட்டிக்கிட்டு இருக்கு, நம்ம மருந்தும் மெனக்கெடலும் அங்க போய்ச் சேரலைன்னா எத்தனை தடவை அடிச்சாலும் ஒரு வாரத்துல பழையபடி வந்து நிக்கும். கீழ சொல்றது எல்லாமே அங்க போய்ச் சேர்றதுக்கான வழிதான்.

1. முதல்ல அது வெள்ளை ஈதானான்னு உறுதி பண்ணிக்கோங்க

வெள்ளையா எதைப் பார்த்தாலும் வெள்ளை ஈன்னு நெனச்சு மருந்து வாங்கிடாதீங்க. பேருதான் ஈ, உண்மையில இது அசுவினி, மாவுப்பூச்சியோட சொந்தக்கார பூச்சி, சாறு உறிஞ்சுற வகை. பெரிய பூச்சியே 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், இறக்கை மேல மாவு தூவின மாதிரி மெழுகு, உக்காரும்போது இறக்கையைக் கூரை மாதிரி சரிச்சு வச்சிருக்கும்.

குழப்பிக்கிறது இதுங்களோடதான்:

- மாவுப்பூச்சி: பஞ்சு மாதிரி தண்டு, கணு, இலைக்காம்புல அப்பியிருக்கும். தட்டினா பறக்காது.
- அசுவினி உரிச்சுப்போட்ட தோல்: இலை மேல வெள்ளை உமி மாதிரி கிடக்கும். ஊதினா போயிடும், உயிர் கிடையாது. ஆனா பக்கத்துல கொழுந்தைத் திருப்பிப் பாருங்க, அசுவினி கூட்டமா இருக்கும்.
- சாம்பல் நோய்: இலை மேல்பக்கம் மாவு பூசின மாதிரி திட்டுத்திட்டா இருக்கும். இது பூஞ்சை, பூச்சிக்கு அடிக்கிறதை இதுக்கு அடிச்சிட்டுக் காத்திருக்காதீங்க.
- தத்துப்பூச்சி: வெளிர் பச்சை, நீளவாக்குல இருக்கும், பக்கவாட்டுல நடந்து தாவும்.

செடியைத் தட்டினதும் பறந்து, சுத்திட்டு அதே செடிக்குத் திரும்பி வந்தா முக்கால்வாசி அது வெள்ளை ஈதான். மீதி கால்வாசி சந்தேகத்தை அடுத்த படி தீர்த்துடும்.

2. இலையைத் திருப்பிப் பாருங்க, எந்தப் பருவத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, ஆனா மொத்த வேலையும் இதுலதான் இருக்கு. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க, அப்போ பூச்சி கொஞ்சம் மந்தமா இருக்கும், உடனே பறக்காது. கையில ஒரு 10 மடங்கு லென்ஸ் இருந்தா நல்லது, இல்லன்னா போன் கேமராவுல கிட்டக்க போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாருங்க, அதுவே போதும்.

நுனிக் கொழுந்துல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு இலை திருப்புங்க. மேல இளம் இலையில பெரிய பூச்சிங்களும் முட்டையும் இருக்கும். முட்டை ரொம்பச் சின்னது, நெட்டுக்குத்தா நிக்கும், சில சமயம் வட்டமா வளைவா வரிசை கட்டியிருக்கும். நடு இலையில தட்டையா, கண்ணாடி மாதிரி வெளிர் மஞ்சள் செதில் ஒட்டியிருக்கும், அதுதான் குஞ்சு. பொரிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஊர்ந்து போகும், அப்புறம் ஒரு இடத்துல வாயைக் குத்தி உக்காந்தா பெருசாகுற வரைக்கும் நகராது. இன்னும் கீழ முதிர்ந்த இலையில கொஞ்சம் உப்பலா, ரெண்டு சிவப்புப் புள்ளி தெரியுற செதில் இருக்கும், அந்தப் புள்ளி உள்ள இருக்கிற பூச்சியோட கண்ணு, அது வெளியே வர இன்னும் சில நாள்தான்னு அர்த்தம்.

அதுக்கும் கீழ காலியான வெள்ளைக் கூடு இருக்கும். அதை மட்டும் லென்ஸ்ல நிதானமா பாருங்க. கூட்டோட முதுகு 'டி' எழுத்து மாதிரி கிழிஞ்சிருந்தா அதுல இருந்து வெள்ளை ஈ வெளியே போயிருக்கு. அதுவே சுத்தமா ஒரு வட்ட ஓட்டை இருந்தா உள்ள இருந்ததை ஒரு குட்டிக் குளவி தின்னுட்டு வெளியே வந்திருக்கு. சில வகை வெள்ளை ஈயில குளவி முட்டை வச்ச குஞ்சு கறுப்பாவே மாறிடும். வட்ட ஓட்டையும் கறுப்புக் குஞ்சும் நிறைய தெரிஞ்சா சந்தோஷப்படுங்க, மருந்து பாட்டிலை ஓரமா வச்சிட்டு தண்ணி அடிக்கிறதோட நிறுத்திக்கோங்க, அந்தக் குளவி உங்களுக்காக வேலை பார்க்குது.

கொய்யா, பப்பாளி, தென்னை மாதிரி மரத்துல இலைக்கு அடியில வெள்ளைப் பொடியால வட்ட வட்டமா கோலம் போட்ட மாதிரி இருந்தா அது சுருள் வெள்ளை ஈ. அது வேற இனம், கொஞ்சம் பெருசாவும் இருக்கும், ஆனா செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் இதேதான்.

3. செடியைக் காப்பாத்தலாமா, பிடுங்கணுமா?

மருந்து கலக்குறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணிடுங்க.

வெறும் சாறு உறிஞ்சல்னா இலை வெளுக்கும், மஞ்சளாகும், பிசுபிசுன்னு தேன் மாதிரி ஒட்டும், அந்தப் பிசுபிசுப்பு மேல கரும்பூஞ்சை படியும், எறும்பு ஏறும். பார்க்க அசிங்கமா இருக்கும், ஆனா செடி மீண்டு வரும். கரும்பூஞ்சை இலைக்கு உள்ள போறது இல்ல, ஈரத்துணியால துடைச்சாலே வந்துடும், பூச்சி போனா அதுவும் போயிடும், தனியா பூஞ்சை மருந்து வாங்க வேண்டாம்.

வைரஸ்னா கதை வேற. தக்காளியில கொழுந்து சுருண்டு, சின்னதாகி, ஓரம் மஞ்சளாகி, செடி வளர்ச்சியே நின்னு புதரா நிக்கும். வெண்டையில இலை நரம்பு மட்டும் பளிச்சுன்னு மஞ்சள் வலை மாதிரி தெரியும், காயும் வெளுத்து வரும். இதுக்கு மருந்தே கிடையாது, யாராவது இருக்குன்னு சொல்லி வித்தா வாங்காதீங்க. செடியை வச்சிருந்தா அதுல சாறு குடிச்ச ஒவ்வொரு பூச்சியும் பக்கத்துச் செடிக்கு நோயைத் தூக்கிட்டுப் போகும். மனசு கஷ்டமாத்தான் இருக்கும், பூ விட்ட செடியைப் பிடுங்க யாருக்கும் கை வராது, ஆனா ஒன்னைப் பிடுங்கினா மீதி பிழைக்கும்.

பிடுங்குறதுக்கு ஒரு முறை இருக்கு. விடிகாலையில போய், பெரிய பிளாஸ்டிக் பையை செடி மேல மெதுவா கவுத்து, அடியில பையோட வாயைச் சுருக்கிப் பிடிச்சிட்டு, அப்புறம் தண்டை அறுங்க. சும்மா அப்படியே பிடுங்கி உதறினா மொத்தப் பூச்சியும் எழுந்து அடுத்த செடிக்குப் போயிடும். பையை இறுக்கிக் கட்டி ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல போட்டு வச்சிட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

அவசரப்படாதீங்க, சுருட்டை எல்லாமே வைரஸ் கிடையாது. மிளகாய் இலை மேல்நோக்கி படகு மாதிரி சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி கவுந்து சுருண்டா பெரும்பாலும் மஞ்சள் சிலந்திப்பேன். தக்காளியில அடி இலை மட்டும் உருண்டு, பச்சையா தடிப்பா இருந்து, கொழுந்து நல்லா வளர்ந்தா அது வெறும் வெயில் அல்லது தண்ணிப் பிரச்சனை. இதையெல்லாம் பிடுங்கிடாதீங்க.

4. மருந்துக்கு முன்னாடி: கிள்ளுங்க, கழுவுங்க

காசே ஆகாத வேலை இதுதான், பாதி கூட்டம் இதுலயே குறையும். அடியில செதில் நெருக்கமா ஒட்டியிருக்கிற முதிர்ந்த இலைகளை முதல்ல கிள்ளி எடுங்க, ஏன்னா அங்கதான் நாளைக்குப் பறக்கப் போறதெல்லாம் இருக்கு. கிள்ளினதை நேரா மூடுற பையில போடுங்க, திறந்த உரக்குழியில போட்டா அங்கிருந்தே பறந்து வரும். ஒரே நாள்ல மூணுல ஒரு பங்கு இலைக்கு மேல எடுக்காதீங்க, செடி தாங்காது.

அப்புறம் தண்ணி. ஹோஸ் முனையை விரலால அழுத்தி, இலையை ஒரு கையால திருப்பிப் பிடிச்சு, அடிப்பக்கத்துல வேகமா பீய்ச்சுங்க. காலையில பண்ணுங்க, இலை சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வாரம். பெரிய பூச்சி விழும், இளம் குஞ்சு கொஞ்சம் போகும், பிசுபிசுப்பும் போகும். முட்டை போகாது, அதோட காம்பு இலைக்குள்ள சொருகியிருக்கு. அதனால தண்ணி அடிச்சு செடி சுத்தமாயிடுச்சேன்னு விட்டுடாதீங்க.

5. மஞ்சள் ஒட்டு அட்டை

வெள்ளை ஈக்கு மஞ்சள்னா இழுப்பு, அதனால மஞ்சள் அட்டைதான். நீலம் வாங்கிடாதீங்க, அது இலைப்பேனுக்கு. வீட்லயே பண்ணணும்னா பளிச்சுன்னு மஞ்சளா இருக்கிற பிளாஸ்டிக் துண்டுல விளக்கெண்ணெயோ கிரீஸோ மெல்லிசா தடவித் தொங்க விடுங்க, எண்ணெய் காஞ்சா திரும்பத் தடவணும்.

உயரம் முக்கியம். செடி நுனிக்கு ஒரு ஜாண் மேல, அவ்வளவுதான், செடி வளர வளர அட்டையையும் ஏத்துங்க. தலைக்கு மேல கட்டினா ஒன்னும் ஒட்டாது.

ஆனா ஒன்னு, அட்டை மட்டும் வச்சு வெள்ளை ஈயை ஒழிச்சதா யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். அது பறக்கிறதை மட்டும் பிடிக்கும். குஞ்சு இலையில சாறு குடிச்சிக்கிட்டே இருக்கும். எனக்கு அட்டையோட உண்மையான பயன் கணக்குதான், வாரம் ஒரு தடவை எத்தனை ஒட்டியிருக்குன்னு எண்ணினா கூடுதா குறையுதான்னு தெரியும். கூட்டம் குறைஞ்சதும் எடுத்துடுங்க, இல்லன்னா பொறிவண்டு, குளவி மாதிரி நல்ல பூச்சியும் போய் மாட்டும்.

6. எறும்பைத் தடுங்க

வெள்ளை ஈ விடுற தேனுக்காக எறும்பு வரும், வந்தா சும்மா இருக்காது, வெள்ளை ஈயைத் தின்ன வர்ற பூச்சிங்களை விரட்டும். தொட்டின்னா அதை வச்சிருக்கிற ஸ்டாண்டோட காலைத் தண்ணித் தட்டுல வைங்க. தடிச்ச தண்டுன்னா சுத்தி ஒரு பட்டைத் துணியைக் கட்டி அது மேல கிரீஸ் தடவுங்க, நேரா தண்டு மேல தடவாதீங்க. தொட்டி சுவரைத் தொட்டா அந்த வழியா ஏறும், நகர்த்தி வைங்க.

7. வேப்பெண்ணெய்க் கரைசல், சரியா கலக்குற முறை

வேப்பெண்ணெய் அடிச்சேன் கேக்கலைன்னு சொல்றவங்களுக்குப் பெரும்பாலும் கலக்குறதுலயோ, அடிக்கிற இடத்துலயோ, நாள் இடைவெளியிலயோதான் கோளாறு இருக்கும்.

1 லிட்டருக்கு: வேப்பெண்ணெய் 5 மில்லி, சாதாரண திரவ சோப்பு 1 முதல் 2 மில்லி. துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், இலை கருகும். முதல்ல சோப்பையும் எண்ணெயையும் ஒரு சின்ன டம்ளர்ல நல்லா கலக்குங்க, அதுல கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி பால் மாதிரி வெள்ளையாகுற வரைக்கும் அடிங்க, அப்புறம் மீதித் தண்ணி. நேரா 1 லிட்டர் தண்ணியில எண்ணெயை ஊத்தினா எண்ணெய் மேல மிதக்கும், முதல்ல அடிக்கிற செடிக்கு வெறும் தண்ணி போகும், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய் போய் கருகும். மேல எண்ணெய்ப் பூ மிதக்குதான்னு பாருங்க, மிதந்தா இன்னும் கொஞ்சம் சோப்பு.

கலந்ததை அன்னைக்கே தீர்த்துடுங்க, எடுத்து வச்சா வீரியம் போயிடும். வெயில்லயும் போயிடும், அதனால சாயங்காலம் வெயில் இறங்கினதும் அடிங்க. தேனீயும் அந்நேரம் திரும்பியிருக்கும்.

முதல் நாள் ஒரே ஒரு செடியில ரெண்டு மூணு இலைக்கு மட்டும் அடிச்சு ஒரு நாள் பாருங்க. கருகல், சுருக்கம் எதுவும் இல்லன்னா எல்லாத்துக்கும் அடிங்க. நாத்துன்னா அளவைப் பாதியாக்குங்க. வாடி நிக்கிற செடிக்கு அடிக்காதீங்க, காலையில தண்ணி ஊத்தி தேறினதுக்கு அப்புறம்தான். கந்தகம் அடிச்சிருந்தா 2 வாரம் எண்ணெய் பக்கமே போகாதீங்க, ரெண்டும் சேர்ந்தா இலை பொசுங்கிடும்.

ஸ்பிரேயர் வாங்குறதுன்னா முனை மேல்நோக்கித் திரும்புற மாதிரி பாருங்க. காசு போடுறதுன்னா நான் மருந்துல போடுறதை விட இதுல போடச் சொல்வேன். முனையைச் செடிக்கு அடியில விட்டு மேல பார்த்து அடிங்க, அடிப்பக்கத்துல இருந்து சொட்டுற வரைக்கும். இந்தக் கரைசலும் சோப்பும் பூச்சி மேல பட்டாதான் வேலை செய்யும். நடுநடுவுல டேங்கைக் குலுக்குங்க. முடிஞ்சதும் சோப்புத் தண்ணி விட்டுக் கழுவலைன்னா அடுத்த தடவை முனை அடைச்சுக்கும்.

வேப்பெண்ணெய் வாசனை பிடிக்கலைன்னா மீன் எண்ணெய் ரோசின் சோப் 1 லிட்டருக்கு 25 கிராம் கரைச்சு அடிக்கலாம், வாசனை அதுலயும் இருக்கு, ஆனா மெழுகு பூசின பூச்சிக்கு நல்லா வேலை செய்யும்.

8. நாள் கணக்கு, இதை நோட்டுல எழுதிக்கோங்க

வெதுவெதுப்பான காலத்துல முட்டையில இருந்து பறக்குற வரைக்கும் கிட்டத்தட்ட 3 வாரம். குளிர்னா ஒரு மாசத்துக்கு மேலயும் இழுக்கும். முட்டை பொரியவே 5 முதல் 10 நாள். இன்னைக்கு நீங்க அடிக்கிறதுல முட்டையும் கூட்டுக்குள்ள இருக்கிற கடைசிப் பருவமும் பெரும்பாலும் தப்பிச்சிடும். அதனாலதான் ஒரு தடவை அடிச்சு நிறுத்துறது வீண்.

5 நாளைக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கோங்க: 1, 6, 11, 16, 21ஆவது நாள். தப்பிச்ச முட்டை பொரிஞ்சு வரும்போது அடுத்த அடி காத்திருக்கும், அது வளர்ந்து முட்டை வைக்கிற நிலைக்கு வரவே முடியாது. நடுவுல மழை வந்து கழுவிட்டா மறுநாள் சாயங்காலமே திரும்ப அடிங்க, அந்த நாள்ல இருந்து 5 எண்ணுங்க.

ஆபத்தான நாள் 11. அப்போ பார்க்க ரொம்பக் குறைஞ்ச மாதிரி இருக்கும், எல்லாரும் அங்கதான் நிறுத்துறாங்க. 21 வரைக்கும் போங்க. நோட்டுல தேதி, என்ன அடிச்சீங்க, அட்டையில எத்தனை, எந்தச் செடியில செதில் இருக்குன்னு ஒரு வரி எழுதினாலே போதும், அடுத்த வருஷம் எந்த மாசம் வரும், எந்தச் செடியில முதல்ல வரும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

9. கடையில வாங்குறதுன்னா லேபிளைப் படிங்க

வேம்பு சார்ந்த மருந்துல 1500, 3000, 10000 பிபிஎம்னு போட்டிருக்கும், அதுல இருக்கிற வேப்பஞ்சத்தோட அளவு அது. எண் கூடக் கூட ஊத்த வேண்டிய மில்லி குறையும், பழைய பாட்டில் அளவையே புதுசுக்கும் ஊத்தாதீங்க. தயாரிச்ச தேதியும் பாருங்க. வெர்டிசீலியம் லெக்கானி மாதிரி உயிர்ப் பூஞ்சை வாங்கினா காலாவதி ரொம்ப முக்கியம், உள்ள இருக்கிறது உயிர், செத்துப்போனதை வாங்கிட்டு வந்து பிரயோஜனம் இல்ல. அது ஈரப்பதம் இருந்தாதான் பிடிக்கும், சாயங்காலம் அடிங்க, பூஞ்சைக் கொல்லியோட சேர்க்காதீங்க.

இமிடாகுளோப்ரிட் மாதிரி ரசாயனத்தை யாராவது எடுத்துக் கொடுத்தா வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. செடி முழுக்கப் பரவி பூவுக்கும் போகும், தேனீக்கு ஆபத்து, நாம பறிச்சுச் சாப்பிடுற காய் வேற. அது போக வெள்ளை ஈ ரொம்ப வேகமா மருந்துக்குப் பழகிக்கிற பூச்சி, குளவியும் பொறிவண்டும் செத்து இது மட்டும் மிஞ்சினா முன்னைவிட மோசமா வரும்.

10. திரும்ப வராம இருக்க

புதுச் செடி வாங்கினா நேரா கூட்டத்துல வைக்காதீங்க. 2 வாரம் தனியா வச்சு, வாரம் ரெண்டு தடவை இலையைத் திருப்பிப் பாருங்க. வெள்ளை ஈ நிறைய தோட்டத்துக்குள்ள நுழையுறதே நர்சரி செடியோடதான்.

தழைச்சத்து உரத்தைக் குறைங்க. இலை கரும்பச்சையா, தளதளன்னு இருந்தா நமக்குப் பெருமையா இருக்கும், சாறு உறிஞ்சுற பூச்சிக்கும் அதுதான் வேணும். சுத்தி இருக்கிற களையைப் பிடுங்குங்க, செடியில இடம் இல்லாதப்ப அங்க போய்த் தங்கும். செடிக்குச் செடி காத்து போற இடைவெளி விடுங்க.

தக்காளி, வெண்டை நாத்தை மட்டும் முடிஞ்சா 40 முதல் 50 மெஷ் (ஒரு அங்குல நீளத்துல அத்தனை ஓட்டை) வலைக்குள்ள வளர்த்து அப்புறம் நடுங்க. கொசுவலை ஓட்டை இதுக்குப் பெருசு, உள்ள நுழைஞ்சிடும். இளம் வயசுல வைரஸ் பிடிச்சா ஒரு காய் கூடத் தேறாது, பூ விட்டதுக்கு அப்புறம் பிடிச்சா ஓரளவு பறிச்சிடலாம், அதனால முதல் ஒரு மாசக் காவல்தான் பெரிய காவல். பூ வந்ததும் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ வேணுங்கிற பூசணி, பீர்க்கு மாதிரி கொடிக்கு வலையை எடுத்துடுங்க.

21ஆவது நாள் அடி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு திரும்ப அதே மாதிரி காலையில லென்ஸோட போய் ஒவ்வொரு அடுக்குலயும் இலையைத் திருப்புங்க. ஒன்னு ரெண்டு பெரிய பூச்சி பறந்தா பரவாயில்ல, விட்டுடுங்க, குளவிக்கும் சாப்பாடு வேணும். கொழுந்துக்கு அடியில புது முட்டை வரிசை தெரிஞ்சா மட்டும் அந்தச் செடிக்கு மட்டும் இன்னும் ரெண்டு சுத்து, 5 நாள் இடைவெளியில.